சீமைக்கருவேலம்: காடா, களையா, வாராக்கடனா?

வருஷம் தவறாமல் ஒரு தடவை அந்தச் செய்தி எனக்கு வந்து சேர்ந்துவிடும். முன்பு ஈமெயில் ஃபார்வர்டாக வந்தது, இப்போது வாட்சப்பில் வருகிறது. சீமைக்கருவேலம் அமெரிக்காக்காரன் சதி, காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மழையை விரட்டுகிறது, அதன் நிழலில் கட்டிப்போட்ட மாடு சினை பிடிக்காது, ஆகவே தமிழா வெட்டு! கடைசியில் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி ஒரு வேண்டுகோள்.

இதில் ஒன்றுக்கும் ஆதாரம் கிடையாது. அந்த மரம் கெட்ட மரம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்பது ஒளிவுமறைவில்லாத அரசாங்கக் கணக்கு. 1876-இல் மதராஸ் மாகாணத்தின் வட வட்டாரக் காட்டு அதிகாரி பெட்டோம், வறண்ட பகுதிகளில் விறகுக்காக இதை நடலாம் என்று யோசனை சொன்னார். ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. 1877 வாக்கில் கடப்பை ஜில்லா கமலாபுரத்தில் நட்டார்கள். ஆக, சதி என்றால் அது மதராஸ் மாகாண வனத்துறையின் சதி. கோப்பு எண் போட்டு, செலவுக்கு அனுமதி வாங்கி, முறைப்படி செய்த சதி. 1940-இல் ஜோத்பூர் மகாராஜா இதை 'ராஜ மரம்' என்று அறிவித்து, பாதுகாக்கச் சொல்லி ஆணையே போட்டார்.

நான் சொல்ல வந்தது மரத்தைப் பற்றி இல்லை. மரத்துக்கு அரசாங்கம் ஒட்டுகிற லேபிளைப் பற்றி.

வங்கி வேலை என்னைக் கட்ச் மாவட்டத்துக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. ராமநாதபுரத்துக்காரனுக்கு பூஜ் புதிய ஊராகவே தெரியவில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் அதே முள், அதே சாம்பல் பச்சை. இங்கே அதற்குப் பெயர் 'காண்டோ பாவள்'. காண்டோ என்றால் பைத்தியம், பாவள் என்றால் நம் நாட்டுக் கருவேலம். பைத்தியக்காரக் கருவேலம்! எங்கள் ஊரில் சீமைக்கருவேலம் என்கிறோம், வேலிக்காத்தான் என்கிறோம். குஜராத்திக்காரர்கள் வைத்த பெயர்தான் பொருத்தம் என்று தோன்றுகிறது.

பூஜுக்கு வடக்கே போனால் பன்னி. (சிரிக்காதீர்கள். பஸ்ஸில் வருகிற 'ப' போட்டுச் சொல்ல வேண்டும்.) கிட்டத்தட்ட 2,500 சதுர கிலோமீட்டர் சமவெளி. ஆசியாவின் பெரிய புல்வெளிகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய இடம். வடக்கே ரண் உப்புப் பாலைவனம். மால்தாரிகள் என்கிற மேய்ச்சல் மக்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள், பல நூறு ஆண்டுகளாக இங்கே மாடு வளர்க்கிறார்கள். காங்க்ரேஜ் மாடும் பன்னி எருமையும் இவர்கள் கையில் உருவானவை. பன்னி எருமையை 2010-இல் தனி இனமாக அங்கீகரித்தார்கள். ராத்திரியில் தானாக மேயப் போய்விட்டுக் காலையில் பால் கறக்க வீட்டுக்கு வந்து நிற்கும். தாமன் என்று இங்கே ஒரு புல் உண்டு, நம் ஊர்க் கொழுக்கட்டைப் புல்லேதான் அது. அந்த மாதிரி புற்களை நம்பி உண்டான பொருளாதாரம்.

இந்தப் புல்வெளியை 1955-இல் 'பாதுகாக்கப்பட்ட காடு' என்று அறிவித்தார்கள். மரமே பெரிதாக இல்லாத இடம் எப்படிக் காடாகும் என்று கேட்கக் கூடாது. 1927-ஆம் வருஷத்துச் சட்டப்படி அரசாங்கம் காடு என்றால் காடு. சரி, காடு என்று சொல்லியாயிற்று, மரம் வேண்டாமா? 1961 வாக்கில், ரண்ணின் உப்பு தெற்கே முன்னேறுவதைத் தடுக்க என்று சொல்லி, 31,550 ஹெக்டேரில் வனத்துறை சீமைக்கருவேலம் நட்டது. இன்று பன்னியில் பாதிக்கு மேல் அந்த மரம் பரவியிருக்கிறது. காய் இனிக்கும், மாடு ஆசையாகத் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து, எருவோடு சேர்ந்தே முளைக்கும். இதைவிட நல்ல விநியோக ஏற்பாட்டை எந்த மார்க்கெட்டிங் ஆளும் யோசிக்க முடியாது. காயை அதிகம் தின்றால் காங்க்ரேஜ் மாட்டுக்கு ஒத்துக்கொள்வதில்லை, எருமை ஓரளவு தாங்கும். அதனால் மாடு வளர்த்த குடும்பங்கள் எருமைக்கு மாறின. எந்தக் கால்நடை வளர்ப்பது என்பதைக்கூட அந்த மரம் முடிவு செய்கிற நிலைமை.

இப்போது லேபிளுக்கு வருகிறேன். பன்னியில் நிற்கிற ஒரே ஒரு சீமைக்கருவேல மரத்தை எடுத்துக்கொள்வோம். வனத்துறைக்கு அது பாதுகாக்கப்பட்ட காட்டில் நிற்கும் மரம், அனுமதியில்லாமல் வெட்டினால் குற்றம். புல் விஞ்ஞானிக்கு அது களை. கரி வியாபாரிக்குச் சரக்கு. மத்திய அரசின் தரிசு நில வரைபடத்தில் அது நிற்கிற மாதிரியான இடங்களுக்குப் புதர் நிலம், சீர்கெட்ட மேய்ச்சல் நிலம், உவர் நிலம் என்று பல பெயர். தாவரவியல் அறிஞர்கள் 2022-இல் அதன் பேரினத்தையே மாற்றிவிட்டார்கள். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா இப்போது நெல்டூமா ஜூலிஃப்ளோரா. அரசாங்கக் கோப்புகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர இன்னும் இருபது வருஷம் ஆகும் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் விட எனக்கு ஆத்திரம் வருவது இன்னொரு லேபிளில். டேராடூனில் இருக்கிற இந்திய வன அளவை நிறுவனம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை காட்டின் நிலை அறிக்கை வெளியிடுகிறது. 2023-க்கான அறிக்கைப்படி காடும் மரமும் சேர்ந்து நாட்டின் பரப்பில் 25.17 சதவீதம். பத்திரிகைகளில் பசுமை அதிகரித்தது என்று தலைப்பு வந்தது. அந்த அறிக்கையில் காட்டுப் பரப்பு என்பதற்கு என்ன இலக்கணம் தெரியுமா? ஒரு ஹெக்டேருக்கு மேல் இருக்க வேண்டும், மரக்கிளைகளின் மறைப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். என்ன மரம், யாருடைய நிலம், சட்டப்படி அது காடா என்பதெல்லாம் கணக்கில்லை. சாட்டிலைட்டுக்குப் புல் தெரியாது, முள் தெரியும். ஆக, ஒரு நல்ல புல்வெளியைச் சீமைக்கருவேலம் அடர்த்தியாக மூடினால் அது தேசத்துக்கு லாபமாக எழுதப்படும். அதைப் பிடுங்கி எறிந்து புல்லைக் கொண்டுவந்தால் காட்டழிவாக எழுதப்படும்.

பி.காம் படித்தவனுக்கு இதைப் பார்த்ததும் ஒன்றுதான் ஞாபகம் வரும். வங்கியில் எவர்கிரீனிங் என்று ஒரு தகிடுதத்தம் உண்டு. திரும்பி வராது என்று தெரிந்த கடனுக்கு, அதைக் கட்டுவதற்கென்றே புதுக் கடன் கொடுத்து, கணக்கை நல்ல கணக்காகவே காட்டுவது. மார்ச் 31-ஆம் தேதி புத்தகம் பச்சைப்பசேல் என்று இருக்கும். ரிசர்வ் வங்கி இதைக் கண்டால் தோலை உரித்துவிடும். தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன் என்று வகைப்படுத்தியே ஆக வேண்டும், அப்புறம் காலம் போகப் போக அடுத்தடுத்த வகை, ஒவ்வொரு வகைக்கும் லாபத்திலிருந்து இவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும். கிளை மேனேஜருக்கு அந்தக் கடன்காரரை எவ்வளவு பிடித்திருந்தாலும் வகையை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை, கம்ப்யூட்டரே மாற்றிவிடும். மரங்கள் விஷயத்தில் அரசாங்கம் செய்வது நிஜமான எவர்கிரீனிங். 1988 வனக் கொள்கையில் மூன்றில் ஒரு பங்கு பரப்பு பசுமையாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தாயிற்று. இலக்கு என்று ஒன்று வந்துவிட்டால் அதை எதைக் கொண்டு நிரப்புவார்கள் என்பது வங்கியில் இன்ஷூரன்ஸ் விற்கச் சொல்லித் துரத்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு ஒழுங்குமுறையும் நடந்தது. பன்னியில் மரம் வெட்டிக் கரி போடத் தடை இருந்தது. 2004-இல் தடையை எடுத்தார்கள். ஊரே கரி மூட்டம் போட்டது. லாரி லாரியாகப் போயிற்று. 2008-இல் மறுபடி தடை. நான்கு வருஷம் வெட்டியதில் மரம் ஒழிந்ததா? எப்படி ஒழியும்! சீமைக்கருவேலத்தைத் தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்க்கும். முன்பு ஒற்றை மரம், இப்போது புதர். கரி போடுகிறவருக்கு வேரைத் தோண்ட என்ன லாபம்? அடுத்த அறுவடைக்கு வேர் இருப்பதுதான் நல்லது. மரத்தை ஒழிக்க வேண்டும் என்றால் வேரோடு எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் அடுத்த மூன்று நான்கு வருஷம் முளைப்பதைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 'வெட்டலாம்', 'வெட்டக் கூடாது' என்ற இரண்டு பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்துவதற்கு நிர்வாகம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பன்னியிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மரத்தை அகற்றிய இடங்களில் புல்பூண்டுகள் நன்றாகத் திரும்பி வந்தன, வெறுமனே கிளை கழித்த இடங்களில் அவ்வளவாக இல்லை என்று 2022 வாக்கில் ஆய்வு வெளிவந்திருக்கிறது. ஆக, எப்படிச் செய்வது என்று தெரியாததால் தள்ளிப்போடவில்லை. யார் செய்வது, யார் செலவில், யாருக்கு உரிமை என்பதில்தான் முடிச்சு.

அந்த முடிச்சைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1955-இல் அறிவிப்பு வந்தாலும் நிர்வாகம் 1990-களின் இறுதிவரை வருவாய்த்துறையிடம்தான் இருந்தது. பிறகு வனத்துறைக்குப் போயிற்று. 1927 சட்டத்தின் 29-ஆம் பிரிவு, ஒரு நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட காடு என்று அறிவிக்குமுன் அங்கே யார் யாருக்கு என்ன உரிமை என்று விசாரித்துப் பதிவு செய்யச் சொல்கிறது. அவசரமானால் முதலில் அறிவித்துவிட்டுப் பிறகு விசாரிக்கலாம் என்று ஒரு சந்தும் வைத்திருக்கிறது. பன்னியில் அந்த உரிமைத் தீர்வு தலைமுறைகள் தாண்டியும் முடியவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று பெயர். எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் இடம். அதில் ஒரு பதிவு சில மாதம் தங்கிவிட்டாலே இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் மேனேஜரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். இங்கே 2,500 சதுர கிலோமீட்டர் எழுபது வருஷமாக சஸ்பென்ஸில் கிடக்கிறது, கேட்பார் இல்லை.

இதன் விளைவை என் மேஜையிலேயே பார்க்கிறேன். கால்நடை வளர்ப்புக்கும் கிசான் கிரெடிட் கார்டு கொடுக்கலாம் என்று 2019 முதல் விதி இருக்கிறது. ஜாமீன் இல்லாத விவசாயக் கடன் உச்சவரம்பு 1.6 லட்சத்திலிருந்து 2025 ஜனவரியில் 2 லட்சம் ஆயிற்று. நல்ல பன்னி எருமை ஒன்றே லட்சத்தைத் தாண்டும். பத்து எருமை வைத்திருப்பவர் கொட்டகைக்கும் இன்னும் நான்கு எருமைக்கும் கடன் கேட்டால் அடமானம் கேட்க வேண்டியிருக்கிறது. நில ஆவணம்? 7/12 நகல்? அவருடைய தாத்தாவின் தாத்தா மேய்த்த நிலம்தான், ஆனால் காகிதத்தில் அது காடு. வந்த பெரியவர் ஒருவர் அழகாகச் சொன்னார். "சாஹேப், மரத்தை வெட்டினால் நான் குற்றவாளி. வெட்டாவிட்டால் என் எருமை பட்டினி. உங்களிடம் வந்தால் எனக்கு நிலமே இல்லை என்கிறீர்கள். மரத்துக்கு மட்டும் நிலம் இருக்கிறதே!" நான் என்ன பதில் சொல்ல? டீ வாங்கிக் கொடுத்தேன். சர்ஹத் டெய்ரியின் பால் பணம் கணக்கில் வருவதைக் காட்டி வரம்புக்குள் கொடுக்க முடிந்ததைக் கொடுத்தோம்.

மால்தாரிகள் சும்மா இருக்கவில்லை. வனத்துறை தன் செயல்திட்டத்தில் பன்னியைக் கட்டம் கட்டமாக வேலி போட்டு அடைக்கப் பார்த்தபோது எதிர்த்தார்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமைக்கு கிராமம் கிராமமாக மனுப் போட்டார்கள். புல்வெளியில் வேலி போட்டு விவசாயம் செய்கிறவர்களை அகற்றச் சொல்லி அவர்களுடைய சங்கமே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. 2021 மே மாதம் தீர்ப்பாயம், எல்லா ஆக்கிரமிப்புகளையும் ஆறு மாதத்தில் அகற்று, சமூகக் காட்டைப் பாதுகாக்கும் உரிமை மால்தாரிகளுக்குத் தொடர்கிறது என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. எனக்கு அதில் வருத்தம் ஒன்றே ஒன்று. தமிழில் மனிதன் செய்வதற்கும் மரம் செய்வதற்கும் ஒரே சொல்தான், ஆக்கிரமிப்பு. மனிதனுக்கு ஆறு மாதக் கெடு வைத்தார்கள். பாதி புல்வெளியைப் பிடித்து வைத்திருக்கிற மரத்துக்கு எந்தக் கெடுவும் இல்லை. அதை நட்டவர்தானே கெடுவை நிறைவேற்ற வேண்டியவரும்!

மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறதே என்று சொல்வீர்கள். போட்டிருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 'ஆக்கிரமிக்கும் அயல் இனம்' என்பதற்கு முதல் தடவையாக அந்தச் சட்டத்தில் இலக்கணம் வந்தது. இந்தியாவைச் சேராத, வந்து பரவினால் வனவிலங்குக்கோ அதன் வாழிடத்துக்கோ கேடு செய்யக்கூடிய உயிரினம். இவற்றின் இறக்குமதி, வியாபாரம், வைத்திருத்தல், பெருக்கம் ஆகியவற்றை அறிவிப்பு மூலம் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ மத்திய அரசுக்கு அதிகாரம்.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'இந்தியாவைச் சேராத' என்கிற சொல்லைப் பாருங்கள். செடிக்கு பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரத்தை லடாக்கில் கொண்டுபோய் நட்டு அது அங்கே அட்டகாசம் செய்தாலும் இந்தச் சட்டத்தில் அது அயல் இனம் ஆகாது. அடுத்தது, 'வனவிலங்கு, அதன் வாழிடம்'. எருமையும் காங்க்ரேஜ் மாடும் வனவிலங்கு இல்லை. மேய்ச்சல்காரனின் நஷ்டம் இந்த இலக்கணத்துக்குள் வராது. பன்னியில் நல்லவேளையாக நரி, ஓநாய், வரகுக்கோழி, கொக்கு எல்லாம் இருப்பதால் அவற்றின் புண்ணியத்தில் மாடும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளலாம். மூன்றாவது, 'பெருக்கம்' தடை என்றால் அறுபது வருஷமாகப் பெருகி நிற்பதை என்ன செய்வது, செலவு யாருடையது? அதைச் சட்டம் சொல்லவில்லை.

செலவை யார் தலையில் கட்டுவது என்பதில் நம் ஆட்சியாளர்களுக்கு ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. ஆகாயத்தாமரைக்காக அஸ்ஸாமில் 1926-இல் சட்டம், வங்காளத்தில் 1936-இல் சட்டம். குளமும் நிலமும் யார் கையில் இருக்கிறதோ அவர் அகற்ற வேண்டும் என்கிற ரீதியில். பார்த்தீனியத்தை 1975-இல் கர்நாடகம் தன் 1968-ஆம் வருஷத்துப் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டத்தின் கீழ் தீங்கான களை என்று அறிவித்தது. அறிவித்து ஐம்பது வருஷம் ஆகிறது. பெங்களூரில் ஒரு காலி மனையில் போய்ப் பாருங்கள், பார்த்தீனியம் உங்களுக்கு வணக்கம் சொல்லும். ரயில்வே நிலத்திலும் பி.டபிள்யூ.டி. நிலத்திலும் முளைத்து நிற்பதற்கு யார் மீதாவது நோட்டீஸ் போயிருக்கிறதா?

நம் ஊரிலும் நடந்ததே. வைகோ தொடுத்த வழக்கில் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற மாவட்ட ஆட்சியர்களுக்குக் கெடு வைத்தது, 2017 தொடக்கத்தில். பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை கையில் அரிவாளோடு கிளம்பினார்கள். அரியலூரில் ஜாமீன் கேட்டவர்களிடம் நூறு மரம் வெட்டச் சொல்லி நிபந்தனை போட்டார்கள். சில மாதத்தில் சென்னையில் உயர் நீதிமன்றம் அதே வேலையை நிறுத்தி வைத்தது. முதலில் ஆராயுங்கள் என்றது. எனக்கு இரண்டிலும் ஒரே குறை. ராமநாதபுரத்தில் கண்மாய்க்குள் நிற்பதும், உவர்க்காட்டில் நிற்பதும், கரி மூட்டம் போட்டு நாலு குடும்பம் சாப்பிடுகிற பட்டா நிலத்தில் நிற்பதும், கொக்கு கூடு கட்டியிருப்பதும் ஒரே பெயர் கொண்ட மரம் என்பதற்காக ஒரே உத்தரவு. கண்மாய்க்குள் நிற்பதை நாளைக்கே வேரோடு எடுக்க வேண்டும். வேறொன்றும் விளையாத உவர் மண்ணில் நிற்பதை அவசரப்பட்டுத் தொட வேண்டியதில்லை. இதைச் சொல்ல விஞ்ஞானி வேண்டாம், எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற யாரைக் கேட்டாலும் கண்மாய் கண்மாயாகச் சொல்வார்கள். தமிழ்நாடு 2022-இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. வரவேற்கிறேன். ஆனால் கொள்கையின் கண் பெரும்பாலும் காட்டின் மேல், உண்ணிச்செடியும் மஞ்சள் கொன்றையும் யானைக்காட்டில் செய்கிற கேட்டின் மேல். கண்மாய் பொதுப்பணித்துறைக்கும் பஞ்சாயத்துக்கும் நடுவில் எப்போதும் போல் தொங்குகிறது.

"ஏழைகள் கரி போட்டுப் பிழைக்கிறார்கள், மரத்தை எடுத்தால் அவர்கள் கதி?" என்று என் ஆபீஸ் நண்பரே கேட்கிறார். நியாயமான கேள்வி. பன்னியிலும் நிலமும் மாடும் இல்லாதவருக்குக் கரிதான் காசு. ஆனால் இப்போது அவர் செய்வது தடை செய்யப்பட்ட தொழில், ராத்திரியோடு ராத்திரியாக விற்கிறார், இடைத்தரகர் சொன்ன விலைதான் விலை. அதே ஆளுக்கு வேரோடு எடுக்கக் கூலி, எடுத்த கட்டைக்கு உரிமை, மூன்று வருஷம் முளைப்பு பிடுங்கக் கூலி என்று கணக்கெழுதினால் கரி போடுவதைவிடக் குறைந்தா போய்விடும்? காடு அழித்ததற்கு ஈடாக மரம் நட என்று வசூலித்த பணத்துக்கு 2016-இல் தனி நிதிச் சட்டமே இருக்கிறது. மரம் நடத்தான் அந்தப் பணத்துக்குக் கை வரும், மரம் பிடுங்க வராது என்றால் அது லேபிளின் கோளாறு, பணத்தின் கோளாறு இல்லை.

என் கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. புல்வெளியைப் புல்வெளி என்று ஒரு வகையாக எழுதுங்கள், காட்டுக்கும் தரிசுக்கும் நடுவில் அதைத் திண்டாட விடாதீர்கள். இன்ன இடத்தில் இன்ன மரம் களை என்று ஊர்வாரியாக எழுதி, அதை மறுபரிசீலனை செய்யும் தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பட்டியல் தயாரிக்கும் மேஜையில் மால்தாரிக்கு ஒரு நாற்காலி போடுங்கள். உரிமைக் கணக்கை சஸ்பென்ஸிலிருந்து எடுங்கள். காட்டுப் பரப்பு அறிக்கையில் சீமைக்கருவேலப் பரப்பைத் தனி வரியாகக் காட்டுங்கள். வாராக்கடனைத் தனி வரியாகக் காட்ட எங்களைக் கட்டாயப்படுத்துகிற அரசாங்கம்தானே இது!

புதிதாக நடுவதற்கும் இதே கணக்குத்தான். குஜராத் அரசு 2023 செப்டம்பரில் கோனோகார்ப்பஸ் மரத்துக்குத் தடை போட்டது. மகரந்தம் சளியும் இருமலும் ஆஸ்துமாவும் கொண்டுவருகிறது, வேர் கேபிளையும் சாக்கடையையும் உடைக்கிறது என்று காரணம் சொன்னார்கள். தமிழ்நாடும் 2025-இல் அந்த மரத்தைத் தடை செய்தது. நல்லதுதான். ஆனால் பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் சீக்கிரம் வளரும், மாடு தின்னாது, தண்ணீர் அதிகம் வேண்டாம் என்று சாலை நடுவிலும் பூங்காவிலும் வரிசை வரிசையாக நட்டது யார்? நகராட்சிகள், அரசுத் துறைகள், கம்பெனிகள். 'சீக்கிரம் வளரும், மாடு தின்னாது, தண்ணீர் வேண்டாம்'. 1877-இல் கமலாபுரத்திலும் 1961-இல் பன்னியிலும் கிட்டத்தட்ட இதே தகுதிச் சான்றிதழ்தான் கொடுத்தார்கள். பத்தாயிரம் ரூபாய் கடனுக்குக்கூட விண்ணப்பத்தில் சிபாரிசு செய்த அதிகாரியின் கையெழுத்தும் தேதியும் இருக்கும். பத்து வருஷம் கழித்துக் கடன் மூழ்கினால் கோப்பைத் தூசி தட்டி அவரைத் தேடிப் போவார்கள், ரிட்டயர் ஆகியிருந்தாலும் விடமாட்டார்கள். லட்சம் கன்று நடுவதற்கு அப்படி ஒரு காகிதம் வேண்டாமா?

தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. (அகமதாபாத்திலிருந்து வெயிட்டிங் லிஸ்ட் 214!) மூன்று நாள் லீவில் ஹோட்கா பக்கம் போகிறேன். அங்கே மரத்தை வேரோடு எடுத்த நிலமும் எடுக்காத நிலமும் அடுத்தடுத்து இருக்கிறது என்று அந்தப் பெரியவர் சொல்லியிருக்கிறார். மழைக்குப் பிந்தைய புல் இன்னும் காயாமல் இருந்தால் இரண்டையும் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.